காக் நோருக்கு அந்த வீடியோவைக் காட்டலாமா என்று கேட்டாய்

தம்பி,

காக் நோருக்கு, நம் மலாய் அக்காவுக்கு, அந்த வீடியோவைக் காட்டலாமா என்று நீ கேட்டபோது, "பாப்போம்லா" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டேன். அது பதில் இல்லை என்று எனக்கும் தெரியும். அடுத்த வாரம் நீ விமானம் ஏறிவிடுவாய், அதற்குள் சொல்லியாக வேண்டும். வாயால் சொல்ல ஆரம்பித்தால் நீ பாதியில் குறுக்கே பேசுவாய், எனக்குக் கோபம் வரும், உன் அம்மா சாப்பாட்டுத் தட்டோடு அடுப்படிக்குப் போய்விடுவாள். நம் வீட்டில் முக்கியமான பேச்சு எல்லாம் இப்படித்தான் முடிந்திருக்கிறது. அதனால் எழுதுகிறேன். என் கையெழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கும், பொறுத்துக்கொள். முனைவர் பட்டம் வாங்கப் போகிறவனுக்கு இதைப் படிப்பது ஒரு கஷ்டமா?

நீ அச்சடித்துக் கொடுத்த அத்தியாயங்களை முழுவதும் படித்துவிட்டேன். என் ஆங்கிலம் நீ கிண்டல் பண்ணுகிற ஆங்கிலம்தான், ஆனாலும் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு வரி விடாமல் படித்தேன். முஸ்லிம்களிடையே தங்கள் உயிரைக் கொடுத்து எதிரியின் உயிரை எடுக்கப் புறப்பட்ட கூட்டங்களின் கதை. பாரசீகத்து மலைக்கோட்டையிலிருந்து ஒற்றைக் கத்தியோடு இறங்கி வந்து, அமைச்சரைக் குத்திவிட்டு ஓடாமல் அங்கேயே நின்றவர்கள். பிறகு வெள்ளைக்காரன் காலத்தில் மலபாரிலும் ஆச்சேயிலும் பிலிப்பைன்ஸின் தெற்குத் தீவுகளிலும் வெள்ளை உடுத்தி, வீட்டாரிடம் விடைபெற்று, சாவதற்கென்றே சண்டைக்குப் போனவர்கள். பிறகு லெபனான், ஈராக், சிரியா. இவர்கள் எல்லாரும் ஒரே கூட்டம் இல்லை, பலர் ஒருவரைப் பற்றி ஒருவர் கேள்விப்பட்டதுகூட இல்லை, அவரவர் காலத்து முஸ்லிம்களே பலர் இவர்களைச் சபித்தார்கள் என்று நீ திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தது எனக்குப் பிடித்தது. கத்தி போய் லாரி வந்தது என்று ஓரிடத்தில் எழுதியிருந்தாய். பள்ளி வேன் வாங்குவதற்கு முன்னால் பாமாயில் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றி லாரி ஓட்டியவன் நான். அந்த வரியைத் தாண்டிப் போக எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

உன் அத்தியாயத்தில் ஒரு தாய் வருகிறாள். மலைக்கோட்டைக்காரர்கள் காலத்தில், சிரியாவில் ஏதோ ஓர் ஊர். அவள் மகனும் கூட்டாளிகளும் ஓர் ஆட்சியாளரைக் கொல்லப் போகிறார்கள். காரியம் முடிந்தது, போனவர்கள் எல்லாரும் செத்தார்கள் என்று சேதி வருகிறது. அவள் கண்ணுக்கு மை தீட்டிக்கொண்டு சந்தோஷமாக உட்கார்ந்திருக்கிறாள். சில நாள் கழித்து மகன் உயிரோடு வந்து நிற்கிறான். உடனே தலைமயிரைப் பிய்த்து, முகத்தில் கரியைப் பூசிக்கொள்கிறாள். இதை யார் எழுதி வைத்தது என்று உன்னிடம் கேட்டேன். "அவங்களப் பிடிக்காதவங்க எழுதினதுப்பா. அவங்க கையால எழுதினது பெருசா ஒன்னும் மிஞ்சல" என்றாய். எனக்கு அந்தக் கதையில் நம்பிக்கை வரவில்லை. ஊர் முழுக்கத் தன் முகத்தையே பார்க்கிறபோது அதை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியாமல் அவள் மை தீட்டியிருக்கலாம். எழுதியவர் வாசலில் நின்று பார்த்திருப்பார், உள்ளே போயிருக்க மாட்டார்.

இன்னொன்று. இந்தக் காலத்தில் இதை மிகத் தேர்ச்சியோடு செய்தவர்களில் முஸ்லிம் அல்லாதவர்களும் உண்டு, அவர்கள் நம் ஈழத்துப் பிள்ளைகள் என்று ஓர் அடிக்குறிப்பு போட்டிருந்தாய். படித்ததும் சுர்ரென்று கோபம் வந்தது. பிறகு அடங்கிவிட்டது. தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் அந்தப் பிள்ளைகளின் படங்களை வரிசையாக வைத்து விளக்கேற்றியபோது உன்னையும் தோளில் தூக்கிக்கொண்டு போனவன் நான். கழுத்தில் குப்பி தொங்குகிற ஒரு பெண்ணின் படத்துக்குப் பூப்போட்டேன், அழுதேன்கூட. அவளுடைய அம்மா என்ன ஆனார் என்று ஒரு தடவைகூட எனக்குத் தோன்றவில்லை. படம் அழகாக இருந்தது, ஒலிபெருக்கியில் பாட்டு நன்றாக இருந்தது. ஆகவே காக் நோர் மகன் இர்ஃபானைப் பற்றிப் பேசும்போது 'அவங்க ஆளுங்களே அப்படித்தான்' என்று யாராவது ஆரம்பித்தால் நான் இப்போது எழுந்து போய்விடுகிறேன். போகிற ஊரில் நீயும் அப்படியே செய்.

இர்ஃபான் உனக்குச் சொல்லித் தெரிய வேண்டியவன் இல்லை. ஆனால் உன் அத்தியாயத்தில் அவன் 'மலேசிய இளைஞன் ஒருவன்' என்று மட்டும்தான் வருகிறான். காக் நோரின் ஒரே மகன், உன் வயது. மஸ்ஜித் தானா ஊரில் நம் தாமான் குடியிருப்புக்குப் பின்னால் இருக்கிற மலாய்க் கிராமத்தில், அந்தக் கம்பத்தில்தான் வீடு. காலையில் என் வேனில் கடைசியாக ஏறுவான், ஏறியதும் உன் தோளில் சாய்ந்து தூங்கிவிடுவான். தகப்பன் முன்பே தவறிவிட்டார். காக் நோர் சாலையோரம் தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக் விற்று அவனையும் அவன் அக்காளையும் வளர்த்தார். வெள்ளிக்கிழமை நம் வீட்டில் சைவம் என்பதால் நெத்திலி போடாமல் தனியாக நான்கு பொட்டலம் கட்டி, கலந்துவிடாமல் இருக்க ரப்பர் வளையத்தை இரண்டு சுற்று போட்டுக் கொடுப்பார். நீங்கள் இருவரும் இடைநிலைப் பள்ளி முடித்த பிறகு நீ படிக்கப் போய்விட்டாய், அவன் தொழிற்சாலைக்குப் போனான். போனை விட்டுத் தலை நிமிராமல் இருந்தான். எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தானே இருக்கிறார்கள் என்று அவன் அம்மாவும் விட்டுவிட்டார், நானும் விட்டுவிட்டேன். ஜொகூரில் வேலை கிடைத்திருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனவன், துருக்கியிலிருந்து போன் பண்ணினான். அதற்குப் பிறகு சத்தமே இல்லை. கடைசியில் அவனுக்குத் தெரிந்த யாரோ காக் நோருக்கு ஒரு செய்தி அனுப்பினார்கள், உங்கள் மகன் சிரியாவில் ஒரு லாரியை ஓட்டிக்கொண்டு போய் இறைவனிடம் சேர்ந்துவிட்டான், சந்தோஷப்படுங்கள் என்று.

உடல் இல்லை. போலீஸ் வந்து விசாரித்துவிட்டுப் போனது. காக் நோருக்கு வேறு எதுவும் தெரியவில்லை, மகன் செத்தால் வழக்கமாக என்ன செய்வார்களோ அதைச் செய்தார். துஆ ஓதுவதற்கு ஆட்களைக் கூப்பிட்டு, பாய் விரித்து, கம்பத்துக்கே போதும் போதும் என்கிற அளவுக்குச் சமைத்து வைத்தார். கம்பத்துத் தொழுகைக்கூடமான சுராவிலிருந்து யாரும் வரவில்லை. அவன் செய்தது பாவம், அதற்குப் போய் உட்கார்ந்தால் நாமும் ஏற்றுக்கொண்ட மாதிரி ஆகும் என்று சிலர், போலீஸ் பெயர் எழுதிக்கொள்ளும் என்று சிலர். எல்லாரையும் குறை சொல்ல முடியாது. அந்த லாரியால் அங்கே செத்தவர்களும் முஸ்லிம்கள்தான் என்று ஒரு பெரியவர் என்னிடம் சொன்னார், சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கியது. அன்றைக்கு அந்தப் பாயில் உட்கார்ந்தது காக் நோரின் சொந்தக்காரர்கள் கொஞ்சம் பேர், அப்புறம் நானும் உன் அம்மாவும். எங்களுக்குத் தனிச் சட்டியில் கோழி சமைத்திருந்தார். அன்றைக்குக்கூட நாங்கள் மாடு சாப்பிட மாட்டோம் என்பது அவர் ஞாபகத்தில் இருந்தது.

சாப்பிட்டோம். எழுந்தோம். நம் ஆட்கள் துக்க வீட்டிலிருந்து எப்படிக் கிளம்புவோம் என்று உனக்குத் தெரியும். வருகிறேன் என்று சொல்லக் கூடாது, போகிறேன் என்றும் சொல்லக் கூடாது, திரும்பிப் பார்க்காமல் பேசாமல் இறங்கிப் போய்விட வேண்டும். நாங்களும் அப்படியே இறங்கி வந்தோம். காக் நோர் எங்களுக்குக் கொடுத்தனுப்பச் சோற்றுப் பொட்டலம் கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்திருக்கிறார். துக்க வீட்டுச் சோற்றை நாம் வீட்டுக்குக் கொண்டுவருவதும் இல்லையே, அதனால் அவர் கட்டுவார் என்றே எங்களுக்குத் தோன்றவில்லை. வேன் கிளம்பிப் போவதைப் பார்த்துக்கொண்டு பொட்டலத்தோடு நின்றிருக்கிறார். நாங்கள் வீட்டுக்கு வந்து, வெளிக் குழாயில் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு உள்ளே போனோம். அதையும் யாரோ பார்த்து அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு கடைத்தெருவில் எங்களைக் கண்டால் காக் நோர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். துக்கத்தில் இருக்கிறார் என்று உன் அம்மா சொன்னாள். கொஞ்ச நாளில் வீட்டைப் பூட்டிவிட்டு, கோலா சுங்கை பாருவில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார்.

இப்போது அந்த வீடியோ. இந்த மாதிரிப் படங்களைச் சேர்த்து வைத்திருக்கிற ஏதோ ஓர் ஆராய்ச்சிக் கூடத்திலிருந்து கிடைத்தது என்று சொல்லி, உன் அம்மா கோயிலுக்குப் போயிருந்தபோது சாப்பாட்டு மேசையில் வைத்துக் காட்டினாய். நான் பார்த்தேன். தாடி வைத்திருந்தான். மூன்று நான்கு நிமிடம் மலாயில் பேசினான். இறைவனைப் பற்றி, கொடுங்கோலர்களைப் பற்றி, இங்கே வீட்டில் உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருக்கிற நம் பையன்களைப் பற்றி. பள்ளியில் மனப்பாடம் பண்ணி ஒப்பிக்கிற குரல். பிறகு லாரியில் ஏறி உட்கார்ந்தான். உட்கார்ந்ததும் ஜன்னல் வழியாகக் கையை நீட்டிப் பக்கத்துக் கண்ணாடியைச் சரி பண்ணினான். தம்பி, அது நான் சொல்லிக் கொடுத்தது. பள்ளித் திடலில் உங்கள் இருவருக்கும் வேன் ஓட்டக் கற்றுக் கொடுத்தபோது, உட்கார்ந்ததும் முதல் வேலை கண்ணாடி என்று தலையில் குட்டிக் குட்டிச் சொன்னேன். நீ இன்றைக்கும் மறந்துவிடுகிறாய், அவன் மறக்கவில்லை. திரும்பி வராத லாரிக்குப் பின்னால் பார்க்கிற கண்ணாடி எதற்கு? அதற்கப்புறம் தூரத்திலிருந்து எடுத்தது, ஒரு வெளிச்சம், புகை. நீ என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். எனக்கு அழுகை வரவில்லை, எதுவும் வரவில்லை. போய் காரைக் கழுவினேன். முந்தின நாள்தான் கழுவியிருந்தேன்.

அப்போது நீ ஒன்று சொன்னாய். இந்த மாதிரி வீடியோக்களில் தாயிடம் இரண்டு வார்த்தை பேசுவது பழக்கம், இவன் பேசவில்லை, அது உன் ஆராய்ச்சிக்கு முக்கியம் என்று. இன்னொன்றும் சொன்னாய். செத்தானா, எங்காவது சிறையில் இருக்கிறானா என்று தெரியாமல் காக் நோர் இன்னும் காத்திருக்கலாம், உண்மை தெரிந்துகொள்வது அவருடைய உரிமை என்று. நீ சொன்னது சரிதான் என்று பட்டது. அதனால்தான் உன்னிடம் சொல்லாமல், அவர் என்ன நினைக்கிறார் என்று நானே கேட்டு வரலாம் என்று கோலா சுங்கை பாருவுக்குப் போனேன்.

கொட்டகையில் உட்கார்ந்து, கெரோப்போக் என்கிற மீன் அப்பளம் போடுவதற்காக மீன்மாவை உருட்டிக்கொண்டிருந்தார். இளைத்துப் போயிருக்கிறார். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. நாங்கள் மலாயில் பேசியதைத் தமிழில் எழுதுகிறேன். மாவை உருட்டிக்கொண்டே, "அண்ணே, எங்க ஆளுங்க வராததுகூட எனக்குப் பெருசா இல்ல. நீங்க வந்து சாப்பிட்டுட்டு, ஒரு வார்த்த சொல்லாம எந்திரிச்சுப் போனீங்க பாருங்க. வீட்டுக்குப் போயி குளிச்சீங்களாமே" என்றார். அப்போதுதான் எனக்கு விஷயமே விளங்கியது. நம் வழக்கத்தைச் சொன்னேன். எங்கள் அப்பா செத்த வீட்டிலிருந்துகூட எல்லாரும் அப்படித்தான் போனார்கள், சொந்த அண்ணன் வீடாக இருந்தாலும் வெளியில் குளித்துவிட்டுத்தான் உள்ளே போவோம் என்று சொன்னேன். கையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். "அத அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல?" என்று கேட்டார். துக்க வீட்டில் அதையும் சொல்லக் கூடாதே காக் என்றேன். சிரித்தாரா என்று எனக்குத் தெரியாது, ஏதோ ஒரு சத்தம் வந்தது. இத்தனை வருடம் பக்கத்துப் பக்கத்தில் இருந்தோம். அவர்கள் பெருநாளும் நம் தீபாவளியும் நமக்குத் தெரியும், சாவுதான் தெரியாமல் இருந்திருக்கிறது.

பிறகு வீடியோவைப் பற்றிச் சொன்னேன். உன்னிடம் இருக்கிறது, வேண்டுமானால் காட்டுவாய், வேண்டாமென்றால் இல்லை என்று. பார்க்க மாட்டேன் என்று உடனே சொன்னார். அவருக்குச் சந்தேகம் எதுவும் இல்லை. மகன் போய்விட்டான் என்று சேதி வந்த அன்றைக்கே தெரியும் என்றார். கொஞ்ச நேரம் மாவை உருட்டினார். பிறகு, நீங்கள் பார்த்தீர்களா என்று கேட்டார். பார்த்தேன் என்றேன். இளைத்திருக்கிறானா என்று கேட்டார், இல்லை என்றேன். பயந்த மாதிரி இருக்கிறானா என்று கேட்டார், தெரியவில்லை என்றேன். அதுவரை நான் சொன்னது எல்லாம் உண்மை.

"என்னப் பத்தி ஏதாச்சும் சொன்னானா?"

தம்பி, சொன்னான் என்று சொல்லிவிட்டேன்.

யோசித்துச் சொல்லவில்லை. என்ன சொன்னான் என்று அவர் கேட்பதற்குள் என் வாயில் வந்துவிட்டது. "'மாக், என் அம்மா, எல்லாத்துக்கும் என்ன மன்னிச்சிரு. உன் கையால சாப்பிட்டது குடிச்சது எல்லாத்தையும் ஹலாலாக்கிரு' அப்படின்னான்" என்றேன். அது நான் கற்பனை பண்ணியது இல்லை. ஜொகூருக்குப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்த நாட்களில் ஒரு சாயங்காலம் இர்ஃபான் நம் வீட்டு வாசலுக்கு வந்தான். சின்ன வயதில் வேன் இருக்கையைப் பிளேடால் கிழித்தது தான்தான் என்றான். அதையும், தீபாவளிக்குத் தீபாவளி நம் வீட்டில் தின்ற முறுக்கு, குடித்த ரோஸ் தண்ணீர் எல்லாவற்றையும் மன்னித்து ஹலாலாக்கிவிடச் சொன்னான். தூரப் பயணம் போகிறவர்கள், தின்றது குடித்தது கடனாக நிற்காமல் இருக்க அப்படிக் கேட்பது அவர்கள் பழக்கம். ஜொகூருக்குப் போக இதெல்லாம் வேணுமாடா, நான் என்ன மக்காவுக்கா அனுப்புறேன் என்று கேலி பண்ணி அனுப்பிவிட்டேன். ஒருவன் காரணமில்லாமல் வந்து உன்னிடம் மன்னிப்புக் கேட்டால், அவனை உட்கார வைத்து, எங்கே போகிறாய் என்று கேள். அப்பாவின் புத்திமதி என்று எதையாவது நீ எடுத்துக்கொண்டு போவதாக இருந்தால் இதை எடுத்துக்கொண்டு போ. அவன் அம்மாவிடம் அப்படிக் கேட்டானா என்று எனக்குத் தெரியாது. கேட்டிருக்க மாட்டான் என்று அவர் முகத்தைப் பார்த்தபோது தெரிந்தது.

இன்னொரு தரம் சொல்லுங்கள் என்றார். சொன்னேன். எப்படிச் சொன்னான், சத்தமாகவா, மெதுவாகவா என்று கேட்டார். மெதுவாக என்றேன். "அவன் அப்படித்தான் சொல்வான்" என்றார். கையில் இருந்த மாவை அப்படியே பிடித்துக்கொண்டு அழுதார். நான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பொய் சொல்லிவிட்டோம் என்று உறைக்க வேண்டும், இல்லை நல்லது செய்தோம் என்றாவது தோன்ற வேண்டும். இரண்டும் இல்லை. நாற்காலி ஆடிக்கொண்டே இருக்கிறது, காலைக் கொஞ்சம் தள்ளி வைக்கலாம் என்று தோன்றியது, அவ்வளவுதான்.

கிளம்பும்போது காக் நோர் கேட்டதுதான் இந்தக் கடிதத்துக்குக் காரணம். உங்கள் மகன் இதைப் புத்தகமாக எழுதுகிறான் அல்லவா என்று கேட்டார். ஆமாம் என்றேன். இதுநாள் வரை மகனுடைய பெயரை யாரும் வெளியே சொல்லக் கூடாது என்று இருந்தவர், "பேரு போடச் சொல்லுங்கண்ணே. கடைசியில அவன் என்கிட்ட மன்னிப்புக் கேட்டதையும் போடச் சொல்லுங்க. கம்பத்துல எல்லாரும் தெரிஞ்சுக்கட்டும்" என்றார்.

ஆகவே என் பதில் இது. வீடியோவை அவருக்குக் காட்டாதே, அவரே வேண்டாம் என்றுவிட்டார். அவர் சொன்னாரே என்று அந்த வரியை உன் புத்தகத்திலும் போடாதே. நீ படித்த படிப்பு அதற்கு இடம் கொடுக்காது, கொடுக்கவும் கூடாது. லாரியால் அங்கே செத்தவர்களுக்கும் தாய்மார்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு நீ பொய் எழுத முடியாது. அவன் தாயைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை என்றே எழுது. பெயரைப் போடுவதா வேண்டாமா என்பதை நீயே முடிவு பண்ணு. என் மேல் கோபம் இருந்தால் விமான நிலையத்துக்குப் போகிற வழியில் திட்டிக்கொள், காரை நான்தான் ஓட்டுவேன்.

புத்தகம் வந்ததும் மறக்காமல் ஒரு பிரதி எனக்கு அனுப்பு. காக் நோருக்கு ஆங்கிலம் தெரியாது. ஜொகூரில் இருக்கிற மகள் தம்பியின் பெயரை எடுத்தாலே போனை வைத்துவிடுகிறாளாம். அதனால் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்து தனக்கு மலாயில் வாசித்துக் காட்டச் சொல்லி என்னிடம்தான் கேட்டிருக்கிறார். சரி என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

அப்பா